வெள்ளைத் தரை

நாட்றம்பள்ளி
11.6.1979

அன்புத் தம்பி தணிகைவேலுக்கு,

அக்கா பூங்காவனம் எழுதுகிறேன். பெங்களூர் குளிர் உனக்கும் விஜயகுமாரிக்கும் ஒத்துக்கொண்டதா? குழந்தைக்கு இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் மாமாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் வேலூருக்குக் கூட்டிப்போய் அவர் காலைக் காட்டினேன். பதினெட்டு வருஷம் ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்ற கால். மயிர் கழல்வதற்காகத் தோலைப் போட்டு ஊறவைக்கிற குழி அது. அந்தத் தண்ணீர் ஆட்டுத்தோல் எது, ஆள்தோல் எது என்று பார்த்தா தின்கிறது? சர்க்கரை வியாதி வேறு இருக்கிறதாம், புண் ஆறமாட்டேன் என்கிறது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். "இன்னும் ஒரு வருஷம் குழியில எறங்கினா பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வந்தோம். வாணியம்பாடி தாண்டியதும், "எறங்காம இன்னா பண்றது?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

இப்படி ஆகும் என்று பயந்துதான் மாசியில் கொட்டகை போட்டுக் கோழிக் குஞ்சு வாங்கினோம். உனக்கு எழுதியிருந்தேன். அதன் முடிவை எழுதவில்லை. ஐந்தாவது வாரத்தில் ரத்தம் ரத்தமாகக் கழிந்து அத்தனையும் செத்தன. மாமாவே குழி வெட்டிப் புதைத்தார். எதிர்வீட்டுக் கெங்கம்மாள் எங்கள் வாசலில் நின்றுகொண்டு, "தோல் ஷாப்பு வூடு. இந்த நாத்தத்துல மனுசனே இருக்க முடியாது, கோழி எப்டி இருக்கும்?" என்றாள். அவர் உள்ளேதான் இருந்தார். காதில் விழுந்தது.

இன்னொரு தடவை குஞ்சு வாங்கச் சம்மதித்திருக்கிறார். இதுவும் போனால் குழிக்கே போய்விடுவேன் என்கிறார். வாஹித் பாஷா மேஸ்திரி நல்ல மனுஷன், தீபாவளி வரைக்கும் இவர் இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த நல்ல மனுஷனை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

நீ கோழி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறாய். அங்கே முட்டையைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாயா, இல்லை இந்த ரத்தக் கழிச்சலுக்குத் தடுப்பு எதுவும் உண்டா? அவர் கால் உன் கையில் இருக்கிறது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

குழந்தைக்கு அத்தையின் முத்தம்.

உன் அக்கா
பூங்காவனம்

*

பெங்களூர்
20.6.1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தை இருமலை விட்டு இப்போது எல்லாவற்றையும் கடிக்க ஆரம்பித்திருக்கிறது. மாமாவின் காலுக்கு மருந்து கட்டுவதை ஒரு நாள்கூட விட்டுவிடாதே.

தடுப்பு உண்டு அக்கா. எங்கள் ஆட்கள் சோதனை முறையில் ஒன்று தயாரிக்கிறார்கள். இன்னும் வெளியே கொடுக்கவில்லை. எங்கள் அதிகாரி ராமமூர்த்தி சாரிடம் கெஞ்சிக் கேட்டேன். ஒரு வீட்டுக் கொட்டகையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம், முடிவை நீ எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பாட்டிலுக்குச் சம்மதித்தார்.

கவனமாகக் கேள். பாட்டிலில் இருப்பது மருந்தே இல்லை. அந்த நோயின் கிருமிதான், உயிரோடு, மிகவும் கொஞ்சமாக. ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். குஞ்சுக்கு ஒரு வாரம் ஆனதும், காலையில் நன்றாகப் பசிக்கவிட்டு, ஈரத் தீனியில் பிசைந்து வை. எல்லாக் குஞ்சும் தின்ன வேண்டும்.

அடுத்தது இதைவிட முக்கியம். குஞ்சு தின்ற கிருமி வயிற்றில் பெருகி எச்சத்தில் வெளியே வரும். அது ஈர உமியில் கிடந்து முற்றும். குஞ்சுகள் கொத்தும்போது மறுபடி உள்ளே போகும். இரண்டு மூன்று சுற்று இப்படி நடந்தால்தான் உடம்பு நோயைத் தாங்கப் பழகும். ஆகையால் மூன்று வாரத்துக்கு உமியை மாற்றாதே, எச்சத்தை வாராதே. ரொம்பக் காய்ந்தால் லேசாகத் தண்ணீர் தெளி. நடுவில் ஒன்றிரண்டு எச்சத்தில் ரத்தம் தெரியும். பயந்துபோய் எந்த மருந்தும் கொடுத்துவிடாதே. இதையெல்லாம் மாமாவிடம் விவரமாகச் சொல்.

எனக்கு ஊருக்கு வர லீவு இல்லை. குஞ்சு வந்ததும் கார்டு போடு. ஜோலார்பேட்டை வரை ரயிலில் வந்து பிளாட்பாரத்தில் மாமாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறேன்.

தைரியமாக இரு.

தம்பி
தணிகைவேல்

*

நாட்றம்பள்ளி
16.7.1979

அன்புத் தம்பிக்கு,

நீ ராத்திரி சாப்பிடாமலே வண்டி ஏறினாய் என்று மாமா சொன்னார். விஜயகுமாரி என்னைத் திட்டாமல் இருந்தாளா? நாங்கள் சுகம். இத்தனை நாள் கழித்து அந்த வார்த்தையைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

நீ கொடுத்த பிளாஸ்க்கை அவர் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர் உள்ளே என்னவென்று கேட்டதற்கு, "என் காலு" என்றாராம். வீட்டுக்கு வந்து திறந்தால் ஐஸ் கெட்டியாக அப்படியே இருந்தது. பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு ஐஸ் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்பில் வெடித்த கை. துண்டு முழுக்கக் கரையும்வரை கையைத் திறக்கவில்லை.

இருநூறு குஞ்சும் நீ சொன்னபடி தின்றுவிட்டன. பசியில் என் விரலையும் கொத்தின. உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தரையைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தன் எச்சத்தைத் தானே தின்ன வேண்டும் என்று சோற்றுத்தட்டுக்கு முன்னால் எந்த வாயால் படிப்பது? சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அவருக்கு இப்போது கொட்டகையைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கட்டுப் போட்ட காலோடு ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார். எங்களுக்குத்தான் பிள்ளையா குட்டியா? குஞ்சுகளோடு பேசுகிறார். என்னோடு கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
பூங்காவனம்

*

நாட்றம்பள்ளி
2.8.1979

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. குழந்தைக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எல்லோருக்கும் சுகம், குஞ்சுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீ ஒரு தடவை வந்து கொட்டகையைப் பார்க்க வேண்டும். தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம். அவ்வளவு வெள்ளை. மாமா ஒரு மூட்டை சுண்ணாம்பு நீற்றி வைத்துக்கொண்டு தினமும் சலித்துத் தூவுகிறார். இரண்டு நாளைக்கு ஒரு முறை உமியை வாரி வெயிலில் கொட்டிவிட்டுப் புதுசு போடுகிறார். "பதினெட்டு வருசமா பாக்கறேன், குழியில ஒரு புழு பொழைச்சதில்ல. இங்க மட்டும் பொழைச்சுடுமா?" என்கிறார். நீ எழுதியது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. மருந்துதான் வயிற்றுக்குள் போய்விட்டதே, தரை சுத்தமாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தம்பி, உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவர் டேனரிக்குப் போன நாளில், வெள்ளிக்கிழமை லீவுக்காக வியாழக்கிழமை சாயங்காலம் ஆம்பூரிலிருந்து வருகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகவே இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்த பிறகுதான் என் கண்ணைப் பார்ப்பார். கல்யாண வீடுகளில் நான் கடைசிப் பந்தியில் உட்காருவேன். இப்போது கெங்கம்மாள் தானாகவே வந்து எட்டிப் பார்த்து, "இன்னாடி, என் சமையல்கட்டவுட உன் கொட்டாய் சுத்தமா கீது" என்றாள். அவள் போன பிறகு நான் சிரித்ததைப் பார்த்து இவரும் சிரித்தார்.

பதினோரு குஞ்சு மட்டும் சோனி. நடக்கத் தெம்பில்லை. அவற்றைச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கைப் போட்டுக் கூடையால் மூடி வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தெறித்துச் சாக்கு எப்போதும் ஈரமாகவே கிடக்கிறது. எப்படியும் சாகப்போகிறவை என்று நான் அதை மாற்றவில்லை.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா

*

பெங்களூர்
18.8.1979

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. ஒரு மாதமாக மைசூர்ப் பக்கம் பண்ணை பண்ணையாகச் சுற்ற அனுப்பிவிட்டார்கள். உன் இரண்டு கடிதமும் என் மேஜையில் கிடந்தன. இன்று காலையில்தான் படித்தேன். படித்த கையோடு ஓடிப்போய்த் தந்தி அடித்தேன்.

சுண்ணாம்பை நிறுத்து. உமியை வாராதே. ஏன் அக்கா அந்தப் பாராவை விட்டாய்? பாட்டிலில் போனது விதை மாதிரிதான். தரையில்தான் அது முளைக்க வேண்டும். அதைத்தான் நீங்கள் தினமும் காயவைத்து வாரிக் கொட்டியிருக்கிறீர்கள். இப்போது அந்தக் குஞ்சுகளுக்குத் தடுப்பு கொடுத்ததும் ஒன்றுதான், கொடுக்காததும் ஒன்றுதான். ஐந்தாவது வாரம் கடந்துவிட்டது. ரத்தம் ஒரு துளி தெரிந்தாலும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சல்பா மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து கொடு. இனிமேல் மருந்து கொடுப்பதால் கெட்டுப்போக ஒன்றும் மிச்சமில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். உடனே பதில் போடு.

தணிகைவேல்

*

நாட்றம்பள்ளி
29.8.1979

தம்பி,

நான் இருக்கிறேன். அவரும் இருக்கிறார்.

தந்தி என்று தபால்காரர் கங்காதரன் தெருமுனையிலேயே கத்தினார். உன் குழந்தை முகம்தான் என் கண் முன்னால் வந்தது. இங்கிலீஷில் இருந்ததைக் கங்காதரனே படித்துச் சொன்னார்: சுண்ணாம்பை நிறுத்து, தரையை நனை. "இதுக்குப் போயா தந்தி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில்தான் கொட்டகையில் முதல் ரத்தத்தைப் பார்த்திருந்தேன். தந்தியை அடுப்பில் போட்டுவிட்டேன். உன் மாமா மருந்து வாங்கத் திருப்பத்தூர் போயிருந்தார்.

மருந்து கொடுத்தோம். தண்ணீர் குடிக்கிற தெம்பு இருந்த குஞ்சுக்குத்தானே மருந்து? இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றன. நின்றபடியே செத்தன. வெள்ளைத் தரையில் ரத்தம் எவ்வளவு சிவப்பாகத் தெரியும் என்று உனக்குத் தெரியாது. ரத்தம் பட்ட இடத்தில் எல்லாம் அவர் இன்னும் சுண்ணாம்பைக் கொட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாரே.

கொட்டகையில் இப்போது ஒன்றுகூட இல்லை. கூடையில் கிடக்கிற பதினோரு சோனிகள் மட்டும் எமனுக்கே வேண்டாதவை போல இரை கேட்டுக் கத்துகின்றன.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காலிக் கொட்டகையைப் பார்க்கிறார். "நான் இன்னா கம்மி பண்ணேன், பூங்காவனம்? சொல்லு, இன்னா கம்மி பண்ணேன்?" என்று கேட்டார். நான் என்ன சொல்லுவேன்? நீ செய்த ஜாஸ்திதான் கொன்றது என்று சொல்லவா? அந்த மனுஷன் உடைந்துபோவார். குழிக்குப் போக வேண்டியது தன் கையாலேயே வந்தது என்று தெரிந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்.

உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன். சின்னவன் காலைத் தொடக் கூடாது என்பார்கள், பரவாயில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுது. பாட்டிலில்தான் கோளாறு என்று எழுது. சுண்ணாம்பு என்ற சொல்லே வரக் கூடாது.

அக்கா

*

பெங்களூர்
7.9.1979

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் கால் புண் இப்போது எப்படி இருக்கிறது? நடந்த விஷயத்தை அக்கா எழுதியிருந்தாள். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மாமா, தப்பு என்னுடையது. அந்தப் பாட்டில் எந்நேரமும் ஐஸில் இருக்க வேண்டும். நான் புறப்பட்ட அன்று சரியாகக் கவனிக்கவில்லை. வழியில் ஐஸ் உருகிவிட்டது. உள்ளே இருந்தது செத்துப்போய்விட்டது. செத்த மருந்தைத்தான் தங்கள் கையில் கொடுத்திருக்கிறேன். தாங்கள் கொட்டகையை வைத்திருந்த விதத்தில் எந்தக் குறையும் இல்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு முகமில்லை. தீபாவளிக்குள் அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

தங்கள் மச்சான்
தணிகைவேல்

*

நாட்றம்பள்ளி
4.11.1979

அன்புத் தம்பிக்கு,

தீபாவளி எப்படிப் போனது? குழந்தைக்குச் சட்டை எடுத்தாயா? உன் கார்டில் ஆய்வுக்கூடம் என்று இருந்த இடத்தில் தீவனக் கிடங்கு என்று விலாசம் மாறியிருக்கிறதே, அது ஏன்?

உன் கடிதத்தை மாமா இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீ செய்த உபகாரத்துக்கு நான் என்ன செய்யப்போகிறேனோ. அவர் உன் மேல் கோபப்பட்டால் நான் எதிர்த்துப் பேசக்கூட முடியாது. ஆனால் கோபப்படவும் இல்லை.

தீபாவளிக்கு மறுவாரம் ஆம்பூருக்குப் போய்விட்டார். காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டி அதற்கு மேல் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குகிறாராம். வியாழக்கிழமை வந்தால் கட்டை என்னைப் பிரிக்க விடுவதில்லை. குளிக்கிற இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தானே பிரிக்கிறார். நான் வெளியே நின்றுகொண்டிருப்பேன். சத்தமே வராது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சோனிகள் பதினொன்றும் நன்றாக வளர்ந்துவிட்டன. கூடை போதாமல் சமையல்கட்டுக்குள் வருகின்றன. எதற்காக இவை மட்டும் பிழைத்தன என்று பார்த்தால் எரிச்சலாக வருகிறது. போன வாரம் மாமா அந்தக் கூடைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஏதாவது எழுது.

அக்கா

*

ஆம்பூர்
9.12.1979

அன்புள்ள மச்சான் தணிகைவேலுக்கு,

உன் மாமா முனிரத்தினம் தன் கையால் எழுதும் கடிதம். நீயும் தங்கச்சி விஜயகுமாரியும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கும். இந்த விரலில் பேனா நிற்பதில்லை.

ஐஸ் உருகிவிட்டது என்று எழுதியிருந்தாய். மச்சான், பிளாஸ்க்கைத் திறந்தது நான். ஐஸை என் கையால் எடுத்தேன். பதினெட்டு வருஷமாக எரிகிற கை. அன்றைக்குத்தான் கொஞ்ச நேரம் எரியாமல் இருந்தது. அதை நான் மறப்பேனா? நீ எழுதியதைப் படித்ததும், யாருக்காக இந்தப் பையன் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான் என்று புரிந்துபோனது.

தந்தி வந்தது எனக்குத் தெரியாது என்று உங்க அக்கா நினைக்கிறாள். எங்கள் ஊரில் தந்தி வந்தால் மூடி வைக்க முடியுமா? கங்காதரன் என்னைப் பார்த்ததும், "இன்னா, சுண்ணாம்பை நிறுத்திட்டியா?" என்றுதான் கேட்டான். அப்போதும் எனக்கு முழுசாக விளங்கவில்லை. கூடைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் சுண்ணாம்பு படாத இடம் அந்தச் சாக்கு ஒன்றுதான். நான் காத்ததெல்லாம் செத்தது. அவள் கவனிக்காமல் விட்டது பிழைத்தது.

தரையைப் பற்றி நீ அவளுக்கு எழுதியிருப்பாய். அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். டேனரிக்காரன் பெண்டாட்டி என்று அவள் ஊரில் பட்டது எனக்குத் தெரியாதா? அழுக்காக வை என்று அவள் வாயால் சொல்ல வராது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் தாங்கமாட்டாள்.

இப்போது கேட்கிறேன். இன்னும் ஒரு பாட்டில் கிடைக்குமா? அடுத்த விரலில் கறுப்பு ஏறிவிட்டது, அவளிடம் காட்டவில்லை. வாஹித் பாஷா பார்த்துவிட்டு, "முனிரத்தினம், எறங்காதே" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். அவர் சொன்னால் ஆயிற்றா? இந்தத் தடவை ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

டேனரி விலாசத்துக்கே பதில் போடு.

முனிரத்தினம்

*

பெங்களூர்
17.12.1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை விஜயகுமாரிக்குப் படித்துக் காட்ட முயன்றேன். பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, அவளே வாங்கிப் படித்தாள்.

பாட்டில் கிடைக்காது மாமா. கொட்டகைச் சோதனை என்ன ஆனது என்று ராமமூர்த்தி சார் கேட்டார். நேரில் வந்து உங்களை விசாரிக்கப்போவதாகச் சொன்னார். வந்தால் தரையைத்தானே கேட்பார்? உங்களுக்கு எழுதியதையே, ஐஸ் உருகிவிட்டது என்று, அவரிடமும் சொல்லிவிட்டேன். பாட்டில் வைத்திருக்கும் அறைச் சாவி இப்போது என்னிடம் இல்லை. நான் தீவனக் கிடங்கில் இருக்கிறேன். வேலை போகவில்லை. அக்காவுக்கு இது தெரிய வேண்டாம்.

ஆனால் அந்தக் கூடை. மாமா, அந்தச் சாக்கை யாராவது கழுவிவிட்டார்களா? கழுவவில்லை என்றால் அதுதான் பாட்டில். அந்தப் பதினோரு கோழிகள் வயிற்றில் அது இன்னும் இருக்கிறது, எச்சத்தில் வருகிறது. கொஞ்சமாகக் குஞ்சு வாங்குங்கள், ஐம்பது போதும். ஒரு வாரம் ஆனதும், அந்தச் சாக்கில் ஒட்டியிருப்பதில் ஒரு பிடி சுரண்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தீனியில் லேசாகத் தெளியுங்கள். மீதியைக் கொட்டகை உமியில் கலந்துவிடுங்கள். அப்புறம் எதையும் தொடாதீர்கள். தரை ஈரமாகவே இருக்கட்டும்.

இது பலிக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. அளவு ஜாஸ்தியானால் எல்லாம் செத்தும் போகலாம். ராமமூர்த்தி சார் கேள்விப்பட்டால் என்னைக் கிடங்கிலிருந்தும் துரத்துவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதலில் காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

தணிகைவேல்

*

நாட்றம்பள்ளி
2.3.1980

அன்புத் தம்பிக்கு,

உன் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதாமே. விழுந்தால் விழட்டும், தூக்கிக்கொண்டே திரியாதே. நான் வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன். மாமாவுக்கு இன்னும் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது என்று டாக்டர் சொன்னார். இனிமேல் குழி கிடையாது, யார் கூப்பிட்டாலும் கிடையாது என்றும் சொன்னார். வாஹித் பாஷா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நான் கூப்டுவேனா?" என்று அழுதார்.

பொங்கலுக்கு வந்தபோதே ஒரு வாரம் ஆன ஐம்பது குஞ்சோடு வந்தார். வந்ததும் சோனிகளின் சாக்கைச் சுரண்டி என்னென்னவோ செய்தார். எதற்கு என்று கேட்டதற்கு, ஆம்பூரில் யாரோ சொன்னார்களாம். "சுண்ணாம்பு வேணாம், அந்த வாசனைக்கே என் காலு எரியுது" என்றார். நான் உள்ளே ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். தெய்வமே அவர் வாயில் வந்து சொன்ன மாதிரி இருந்தது. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கொட்டகைக்கு நான் மட்டும்தான். ஒரு நாள் காலையில் எச்சத்தில் ரத்தம் பார்த்தேன். மூன்று இடத்தில். கை தானாகச் சுண்ணாம்பு டின்னுக்குப் போனது. டின்னைத் திறந்தும்விட்டேன். நடுவில் ரத்தம் தெரியும், பயப்படாதே என்று நீ அந்தப் பாராவில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதை அவருக்குப் படித்துக் காட்டாமல் விட்டதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. டின்னோடு கொண்டுபோய்த் தெருக்கோடி மாரியம்மன் கோயிலில், வெள்ளையடிக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன். இரண்டு குஞ்சு செத்தன. அப்புறம் ரத்தம் நின்றுவிட்டது.

ஐந்தாவது வாரம் போய்விட்டது தம்பி. ஆறாவதும் போய்விட்டது. நாற்பத்தெட்டு குஞ்சும் என் கால்மேல் ஏறி நிற்கின்றன.

ஆனால் நாற்றம் சொல்லி முடியாது. உமி கறுத்துச் சேறாகக் கிடக்கிறது. என் புடவை, தலை, எல்லாம் அந்த வாடை. நேற்று கெங்கம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது? உன் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கீறாரு, நாத்தம் மட்டும் இங்கியே கீது?" என்றாள்.

"நாறட்டும்க்கா. உள்ள வந்து பாரு, அத்தினியும் உசுரோட கீது" என்றேன்.

வியாழக்கிழமை அவரை அழைத்து வருகிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நான் உட்காருவேன். தரையைக் கழுவவில்லை.

உன் அக்கா
பூங்காவனம்